இரண்டாம் தாழ்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் என்ஜினைப் பற்றி எழுதுவர். சக்கரத்தையும் பிரேக்கையும் பற்றி எழுதுவர். வேகத்தையும் விலையையும் விரித்துரைப்பர். என்ஜினை மூடியிருக்கும் தகட்டைப் பற்றியோ, அத்தகட்டைப் பிடித்து வைத்திருக்கும் சிறு கொக்கியைப் பற்றியோ எழுதுவோர் மிகச் சிலர். அச்சிறு கொக்கியின் வரலாற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். பொருள் சிறிது, ஆயினும் அதனுள் பொதிந்திருக்கும் கேள்வி பெரிது.

வண்டியின் முன்புறத்தை மூடும் தகட்டை நாம் பானெட் என்று வழங்குகிறோம். அதைத் திறக்க வேண்டுமாயின் ஓட்டுநர் முதலில் உள்ளேயிருக்கும் நெம்புகோலை இழுக்கிறார். பானெட் ஓரிரு அங்குலம் மேலெழும்பி நின்றுவிடுகிறது. பின்னர் அவர் இறங்கி முன்னே வந்து, இடைவெளியில் விரலை நுழைத்து, மற்றொரு கொக்கியை விலக்கிய பின்னரே அது முழுவதும் திறக்கிறது. முதலில் விடுபட்டது முதல் தாழ். விரலால் விலக்கப்பட்டது இரண்டாம் தாழ். தம் விருப்பம்போல் வண்டியை மாற்றியமைத்துக்கொள்ளும் இளைஞர்கள் இவ்விரண்டாம் தாழைக் கண்டு, “முதல் தாழ் உறுதியாக இருக்கும்போது இது எதற்கு?” என்று கேட்பதுண்டு. நேர்மையான கேள்விதான். இதற்கு விடை காண, அத்தாழ் எப்போது தோன்றிற்று, ஏன் தோன்றிற்று என்று பார்ப்பதே நல்ல வழி.

தொடக்க கால வண்டிகளில் இத்தகைய தாழ் தேவைப்படவில்லை. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வண்டியை எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் அவ்வகையில் உருவாயின. அதன் பானெட்டின் நடுவே, நீளவாட்டில் ஒரு கீல் ஓடியது. வலப்புறம் வேண்டுமானால் வலப்புறத்தையும், இடப்புறம் வேண்டுமானால் இடப்புறத்தையும் பறவையின் சிறகைப்போல் தூக்கலாம். பக்கத்திற்கொரு பிடி அதை அழுத்திப் பிடித்திருக்கும். பிடி நழுவினாலும் என்ன நேரும்? தகடு படபடவென்று ஆடும்; ஓட்டுநருக்குச் சத்தம் கேட்கும்; அவர் வண்டியை ஓரங்கட்டுவார். முன்னிருந்து வரும் காற்று அத்தகட்டின் விளிம்பைத் தழுவிச் செல்லுமேயன்றி, அதன் அடியில் புகுந்து பாய்மரம்போல் நிமிர்த்திவிடாது. வண்டியின் வேகமும் மணிக்கு எழுபது கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது.

பந்தய வண்டிகளின் கதை வேறு. 1920ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பென்ட்லி வண்டிகள் ஓடிய காட்சியைப் படங்களில் கண்டவர்கள், பானெட்டின் குறுக்கே ஓர் அகன்ற தோல் வார் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். அது வெறும் அழகுக்காகக் கட்டியதன்று. பிடிகள் அதிர்ச்சியில் நழுவினாலும் தகடு எழாதிருக்கவே அந்த வார். இரண்டாம் தாழின் மூதாதை என்று அதனைக் கூறலாம்.

1930ஆம் ஆண்டுகளில் வண்டியின் உருவம் மாறிற்று. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் விரும்பினர். தனித்து நின்ற மட்கார்டுகள் அகன்று உடலோடு கலந்தன. பானெட் அகன்று தாழ்ந்தது. பக்கவாட்டில் திறக்க இடமில்லாமற் போயிற்று. எனவே கீலைப் பின்னால், முன்கண்ணாடியின் அடியில் அமைத்து, முன்னிருந்து மேலே தூக்கித் திறக்கும் முறை பரவியது. அமெரிக்கர் அதற்கு முதலைவாய் மூடி என்று பெயரிட்டனர். 1936இல் வெளிவந்த லிங்கன் செஃபர் வண்டியில் இவ்வமைப்பைக் காணலாம். முதலை வாய் பிளப்பது போன்று திறக்கும் இம்மூடி பழுது பார்ப்போருக்கு மிக வசதியாயிற்று. ஆனால் அதே நேரத்தில் ஒரு புதிய இடரும் உடன் பிறந்தது. முதலையின் வாய் இப்போது காற்றை நோக்கித் திறந்தது!

காற்றின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்ப்படும் காற்று, நிமிர்ந்து நிற்கும் தகட்டின் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 12 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்துகிறது. வேகம் இரட்டித்து 100 ஆனால் அழுத்தம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி ஏறத்தாழ 47 கிலோகிராமாகிறது. பானெட்டின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று கொண்டால், எழுபது கிலோகிராம் எடை அதன்மீது மோதுகிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை அது. சிறிதளவு எழும்பிய விளிம்பின் அடியில் காற்று புகுந்துவிட்டால், தகடு மேலும் எழும். எழ எழக் காற்றுக்கு இன்னும் அகன்ற முகம் கிடைக்கும். தொடக்கத்தில் மெல்ல நடுங்கும் மூடி, கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறி முன்கண்ணாடியில் அறைவதன் காரணம் இதுவே. அவ்வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநரின் கண்முன் சாலை இல்லை. வெறும் தகடு இருக்கிறது. எதிரே யார் வருகிறார் என்பதும், வளைவு எப்புறம் என்பதும் அவருக்குத் தெரியாது. நடந்து செல்பவருக்கோ, சைக்கிளில் வருபவருக்கோ, குருடாக வரும் அவ்வண்டியிடமிருந்து விலகிக்கொள்ளவும் நேரமிராது.

இவ்விடரைக் கண்ட தயாரிப்பாளர் பலர், சட்டம் வருவதற்கு முன்பே, தாமாகவே பாதுகாப்புக் கொக்கி ஒன்றைப் பொருத்தினர். அக்கொக்கியின் தன்மையை நாம் நன்கு அறிய வேண்டும். நம் பழைய வீடுகளின் வாயிற்கதவில் தாழ்ப்பாளும் இருக்கும். குறுக்குக் கட்டையும் இருக்கும். இரண்டையும் வீட்டார் தம் கையாலேயே இட வேண்டும். மறந்தால் இரண்டும் இல்லை. பானெட்டின் இரண்டாம் கொக்கி அப்படிப்பட்டதன்று. மூடி கீழே விழும்போதே வில்லின் விசையால் அது தானாக மாட்டிக்கொள்கிறது. மூடியவர் மறந்தாலும், அவசரத்தில் சரியாக அழுத்தாமற் போனாலும், முதல் தாழ் பற்றாமல் விட்டாலும், இது பற்றிக்கொள்ளும். மனிதனின் நினைவை நம்பாதிருப்பதே இதன் சிறப்பு.

இக்கருத்து மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. 1854இல் நியூயார்க் நகரின் கண்ணாடி மாளிகைப் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பார், உயரத்தில் தொங்கிய மேடையொன்றின்மீது தாமே ஏறி நின்று, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்தார். கூட்டம் திகைத்தது. மேடையோ சிறிது இறங்கி நின்றுவிட்டது. கயிற்றின் இழுவை நீங்கியவுடன் வில்லொன்று விரிந்து, பக்கத்துப் பற்சட்டங்களில் மேடையைப் பூட்டிவிட்டது. ஓட்டிஸ் இன்னும் தடித்த கயிற்றைத் தேடிச் செல்லவில்லை. கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று சிந்தித்தார். இன்று மின்தூக்கியில் நாம் அச்சமின்றி ஏறுவது அச்சிந்தனையின் பயன். முதல் தாழை வலுப்படுத்துவது ஒரு வேலை. முதல் தாழ் தவறியபின் என்ன என்று எண்ணுவது மற்றொரு வேலை. முதலாவது வேலை எவ்வளவு சிறப்பாக முடிந்தாலும் இரண்டாவது வேலை மீந்தே நிற்கும்.

மோட்டார் துறையில் இவ்வெண்ணம் சட்டமாக மலர நெடுநாளாயிற்று. விபத்து நேர்ந்தால் ஓட்டுநரைக் குறை கூறுவதே வழக்கமாக இருந்தது. 1965இல் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர், வண்டியின் அமைப்பிலேயே குறைகள் உள்ளன என்று வாதிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க நாடெங்கும் விவாதம் எழுந்தது. 1966 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அச்சட்டத்தை நடத்த அமைந்த அலுவலகத்தின் முதல் தலைவராக வந்த வில்லியம் ஹாடன் ஒரு மருத்துவர் என்பது கருதத்தக்கது. நோயாளியைத் திட்டுவதால் நோய் தீராது என்பதை மருத்துவர் அறிவாரன்றோ?

அச்சட்டத்தின்கீழ் எழுந்த பாதுகாப்பு விதிகளுள் 113ஆம் எண் விதி பானெட்டைப் பற்றியது. 1969 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மிகச் சிறிய விதி. ஒவ்வொரு மூடிக்கும் தாழ் வேண்டும் என்கிறது. முன்னிருந்து திறக்கும் மூடி, திறந்த நிலையில் ஓட்டுநரின் முன்பார்வையைச் சிறிதேனும் மறைக்குமாயின், தாழுக்கு இரண்டாம் நிலையோ தனியாக இரண்டாம் தாழோ வேண்டும் என்கிறது. எவ்வளவு எடையைத் தாங்க வேண்டும் என்ற எண் எதையும் அது கூறவில்லை. மூடியின் அடியில் இருப்பது என்ஜினா, பெட்டி படுக்கையா என்றும் அது வேற்றுமை பாராட்டவில்லை. என்ஜினைப் பின்னால் வைத்து முன்னால் சாமான் அறை அமைத்த ஃபோக்ஸ்வாகன் வண்டிக்கும் அவ்விதி பொருந்தும். அது கேட்கும் கேள்வி ஒன்றே: இம்மூடி எழுந்தால் ஓட்டுநரின் கண் மறையுமா?

இக்கேள்வியின் நுட்பத்தை உணர, எதிர்ப்புறம் திறக்கும் மூடியை நோக்குக. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு வண்டியில் கீல் முன்னால் இருந்தது. வண்டியின் முகம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறந்தது. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதனை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்ததால், நம் நாட்டார்க்கும் அது பழகிய வண்டியாயிற்று. அத்தகைய மூடியின் தாழ் நழுவினால் காற்று அதைத் திறப்பதில்லை. அழுத்தி மூடவே செய்கிறது. ஒரே காற்று ஓரமைப்பில் பகையாகவும் மற்றோரமைப்பில் காவலாகவும் நிற்கிறது. ஆகவே இரண்டாம் தாழின் தேவையை முதலில் தீர்மானிப்பது கீல் இருக்கும் இடமே.

இனி, தம் விருப்பப்படி மாற்றிய வண்டிகளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் இக்கலை பெருகிற்று. பழைய ஃபோர்டு வண்டிகளை வாங்கி, என்ஜினை மாற்றி, உடலை வெட்டித் தாழ்த்தி, ஹாட் ராட் என்ற பெயரால் ஓட்டினர். 1948இல் இதற்கெனவே ஒரு பத்திரிகை தோன்றிற்று. 1951இல் வாலி பார்க்ஸ் என்பார் நேர்க்கோட்டுப் பந்தயத்தை ஒழுங்குபடுத்தும் சங்கத்தை நிறுவினார். என்ஜினைப் பிறர் காண வேண்டுமென்று சிலர் பானெட்டையே நீக்கிவிட்டனர். வேறு சிலர் பானெட்டை வைத்துக்கொண்டு, அதன் மூக்கிலிருந்த அணியுருவையும் எழுத்துகளையும் அகற்றி, துளைகளை அடைத்து, கண்ணாடிபோல் மழமழப்பாக்கினர். சில வண்டிகளில் அந்த அணியுருவே மூடியைத் திறக்கும் பிடியாகவும் இருந்தமையால், அழகு வந்த வழியே பிடி போயிற்று. பழைய தாழுக்குப் பதிலாகக் கம்பியிழுப்பையும் மின்காந்தத் தாழையும் பொருத்தினர். விரல் நுழைய இடமற்ற மூடியில் இரண்டாம் கொக்கி வேண்டாத பொருளாகத் தோன்றியது.

இவர்களைச் சட்டம் தடுக்காதா? அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்துகிறது. 1974இல் செய்த திருத்தம், வணிகரும் பழுது பார்க்கும் தொழிலகத்தாரும் பாதுகாப்பு உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யலாகாது என்றது. தன் வீட்டுக் கொட்டகையில் தன் கையால் தன் வண்டியை மாற்றுபவனை அத்திருத்தம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. நம் நாட்டிலோ 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை உடைமையாளருக்கே விலக்குகிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். காற்றின் விதி மாறுவதில்லை. “சட்டம் என்னைக் கேட்கவில்லை” என்பது, “எனக்கு அது தேவையில்லை” என்பதற்குச் சான்றாகாது.

மாற்றியமைப்போர் கூறும் தக்க மறுமொழி ஒன்றுண்டு. “நாங்கள் தாழை நீக்கிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, ஊசிகள் பொருத்துகிறோம்” என்பர். பானெட்டின் மூலைகளில் நிமிர்ந்த முளைகளை நிறுத்தி, அவற்றில் கம்பி ஊசியைச் செருகிப் பூட்டுவது பந்தயக் களத்து வழக்கம். தொழிற்சாலை வண்டியிலும் இதைக் காணலாம். 1969ஆம் ஆண்டின் இடையில், 440 கன அங்குல என்ஜினுடன் டாட்ஜ் சூப்பர் பீ, பிளிமத் ரோடு ரன்னர் என்ற வண்டிகளின் தனி வகையொன்று வந்தது. அவற்றின் இலேசான கண்ணாடியிழை மூடிக்குக் கீலே கிடையாது. நான்கு ஊசிகளே அதைப் பிடித்திருந்தன. ஓர் ஊசி முறிந்தாலும் மூன்று நிற்கும். உலோகத்தின் தவறுக்கு இது நல்ல விடைதான். ஆனால் நான்கு ஊசிகளையும் செருகுவது ஒரே கை. நினைவில் வைப்பது ஒரே மனம். அம்மனம் ஒரு நாள் வேறிடத்தில் இருந்தால் நான்கும் ஒருங்கே தவறும். பந்தயக் களத்தில் புறப்படுமுன் வேறொருவர் வந்து ஊசிகளைச் சரிபார்க்க முடியும். கடைத்தெருவுக்குக் கிளம்பும் வண்டியை யார் சரிபார்ப்பார்?

மூடியிருப்பதுபோல் தோன்றுவது வேறு, மூடியிருப்பது வேறு. இவ்வேற்றுமைக்கு உலகம் ஒரு முறை பெருவிலை கொடுத்தது. டி.சி. 10 என்ற விமானத்தின் சரக்கறைக் கதவில், தாழ்கள் முழுவதும் பற்றாமலிருந்தும் வெளிக் கைப்பிடியை அழுத்தி மூடிவிட முடிந்தது. 1972 ஜூன் மாதம் கனடாவின் வின்சர் நகருக்கு மேலே அத்தகைய கதவொன்று பிய்த்துக்கொண்டது. விமானி திறமையாக இறக்கியதால் அனைவரும் பிழைத்தனர். எச்சரிக்கை கிடைத்தும் திருத்தம் முழுமை பெறவில்லை. 1974 மார்ச் 3ஆம் நாள் பாரிசுக்கு அருகே மற்றொரு டி.சி. 10 அதே குறையால் வீழ்ந்து 346 உயிர்கள் மாண்டன. விமானக் கதவும் பானெட்டும் ஒன்றல்ல. ஆயினும், பூட்டியவன் பூட்டிவிட்டதாக நம்பினான் என்ற இடத்தில் இரண்டு கதையும் சந்திக்கின்றன.

இவ்வளவு கூறியபின், இரண்டாம் தாழ் இருந்தால் போதும் என்று நான் முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். 2013 முதல் 2018 வரையிலான நிசான் ஆல்டிமா வண்டிகளை அந்நிறுவனம் ஒரு முறையன்றித் திரும்பத் திரும்ப அழைத்துப் பழுது நீக்க நேர்ந்தது. காரணம், அவற்றின் இரண்டாம் கொக்கியில் வண்ணம் உதிர்ந்து, அழுக்கும் துருவும் சேர்ந்து, கொக்கி திறந்த நிலையிலேயே இறுகிவிடக் கூடியதாயிருந்தது. 2021 டிசம்பரில் டெஸ்லா நிறுவனம் 1,19,009 மாடல் எஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முன்மூடியின் தாழ் நேராக அமையாமல் இரண்டாம் கொக்கி மாட்டாது போகலாம் என்பதே குறை. இரண்டாம் தாழின் துயரம் இதுதான்: முதல் தாழ் நாள்தோறும் உழைப்பதால் அதன் நோய் உடனே தெரிகிறது, இரண்டாம் தாழோ காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டது. அது செத்துவிட்டதை, அது வேண்டப்படும் நாள் வரை ஒருவரும் அறியார்.

எனவே அதனைச் சோதித்துப் பார்ப்பதும் கடமையாகிறது. நான் கண்ட கைதேர்ந்த மெக்கானிக்குகள் பானெட்டை மூடியதும் அப்படியே விட்டுப் போவதில்லை. விளிம்பைப் பிடித்து ஒரு முறை மேலே இழுத்துப் பார்த்தே விலகுவர். அது முதல் தாழுக்கான சோதனை. இரண்டாவதற்கும் ஒரு சோதனை உண்டு. நிறுத்திய வண்டியில் உள் நெம்புகோலை மட்டும் இழுத்துவிட்டு, கொக்கியைத் தொடாமல் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஓரிரு அங்குலத்தில் அது தடுத்து நிற்க வேண்டும். பின்னர் கொக்கியை விரலால் தள்ளி விடுங்கள். வில் அதனைத் தானாகவே பழைய இடத்திற்குக் கொண்டுவர வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் துடைத்து எண்ணெயிட வேண்டும். திரும்பாவிடில் மாற்ற வேண்டும். ஒரு நிமிட வேலை.

மாற்றியமைத்த வண்டிக்கு இரண்டாம் தாழ் வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். கீல் முன்னால் இருந்து காற்றே மூடியை அழுத்துமாயின், தேவை பெரிதும் குறைகிறது. கீல் பின்னால் இருந்து, மூடி எழுந்தால் கண் மறையுமாயின், இரண்டாம் தாழ் கட்டாயம் வேண்டும். அத்தாழ் முதல் தாழை நம்பி நிற்கலாகாது. ஒரே கம்பி, ஒரே மின்சாரம், ஒரே ஆணியில் இரண்டும் தொங்கினால் அவை இரண்டல்ல, ஒன்றே. மூடியவரின் நினைவையும் அது நம்பி நிற்கலாகாது. அழகைக் கெடுக்காமல் அதை மறைவாக அமைப்பது வடிவமைப்பவரின் திறமையைக் காட்டும். அழகுக்காக அதை நீக்கிவிடுவதில் எத்திறமையும் இல்லை.

மாணவர்களே, நாளை உங்களுள் பலர் பொறியாளர் ஆவீர்கள். பாலமும் பொறியும் கருவியும் உங்கள் கையால் உருவாகும். நீங்கள் செய்யும் பொருளின் முதல் தாழ் தவறாது என்று நீங்கள் நம்பலாம், அந்நம்பிக்கை தவறன்று. ஆனால் வண்டியில் நீங்கள் மட்டும் இருப்பதில்லை. சாலையோரத்தில் பள்ளிக்கு நடக்கும் சிறுமிக்கு உங்கள் தாழைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் தன்னையறியாமலே அதனை நம்பி நடக்கிறாள். அவள் பொருட்டேனும் இரண்டாம் தாழ் ஒன்று இருக்கட்டும்.